சதுப்பில் ரெட்ஃபிஷ்: லூசியானாவா, டெக்சஸா, சார்ல்ஸ்டனா?

"அத்தான், பையனுக்கு ஒரு பெரிய மீன் பிடித்துக் காட்டணும். எந்த ஊருக்கு டிக்கெட் போடட்டும்?" என்று நியூ ஜெர்சியிலிருந்து மைத்துனன் போனில் கேட்டான். என்னால் சட்டென்று ஓர் ஊர் பெயரைச் சொல்ல முடியவில்லை. டெக்சஸில் தொடங்கி, மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றி, ஃபுளோரிடாவைத் தாண்டி, கரோலினா வரை ரெட்ஃபிஷ் கிடைக்கிறது. மீன் ஒன்றுதான். ஆனால் அதைப் பிடிக்கும் விதமும், போக வேண்டிய மாதமும், ஆகும் செலவும் ஊருக்கு ஊர் மாறும். நான் ஹூஸ்டனில் இருப்பவன். லூசியானா, டெக்சஸ், சார்ல்ஸ்டன் மூன்று இடங்களிலும் பிடித்திருக்கிறேன். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் மீனைப் பற்றி. ரெட்ஃபிஷ் நம் ஊர்க் கத்தாளையின் சொந்தக்கார மீன். உடம்பு செம்பு நிறம், வால் தொடங்கும் இடத்தில் ஒரு கரும்பொட்டு. சிலவற்றுக்கு இரண்டு மூன்றுகூட இருக்கும். படகில் தூக்கிப் போட்டதும் 'டுக், டுக்' என்று சத்தம் கொடுக்கும். கையில் பிடித்திருந்தால் அந்த அதிர்வு உள்ளங்கையில் தெரியும். இதை 'டிரம்' என்று கூப்பிடுவதே அந்தச் சத்தத்துக்காகத்தான். குஞ்சுப் பருவத்திலிருந்து முதல் மூன்று நான்கு வருடங்கள் சதுப்பிலேயே வளர்ந்து, பிறகு கடலோடு சேர்ந்துவிடும். நாற்பது வருடங்கள் வரைகூட வாழக்கூடியது. 27, 28 அங்குலத்தைத் தாண்டியவற்றை 'புல் ரெட்' என்பார்கள். முட்டையிடும் தலைமுறை அதுதான். எல்லா மாநிலங்களும் 'இந்த நீளத்திலிருந்து இந்த நீளம் வரைதான் வைத்துக்கொள்ளலாம்' என்று விதி போட்டிருப்பதன் காரணமும் அதுவே.

பலர் முதலில் தேதியைக் குறித்துவிட்டு, ஹோட்டல் போட்டுவிட்டு, கடைசியில்தான் தண்ணீரைப் பார்க்கிறார்கள். சதுப்பில் இது தலைகீழ் வேலை. முழங்கால் அளவு நீரில் மேய்கிற மீன் இது. நீர் ஓர் அடி ஏறினாலும் இறங்கினாலும் அது நிற்கும் இடம் மாறிவிடும். எனவே ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், அந்த ஊர்த் தண்ணீரை எது நகர்த்துகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

லூசியானாவில் அது காற்று. அங்கே ஓதம் ஒரு நாளைக்கு ஒரு ஏற்றம், ஒரு வற்றம்தான். அதுவும் பெரும்பாலும் ஓர் அடி, ஒன்றரை அடிக்குள். தென்கிழக்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால் கடல் நீர் சதுப்புக்குள் ஏறி, புல்லுக்குள்ளே மீன் பரவிவிடும். குளிர்காலத்தில் வாடைக் காற்று இறங்கினால் இருந்த நீரும் கடலுக்குப் போய்விடும். ஒரு ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸுக்கு அருகே உள்ள டெலக்ரோவில் இதை நேரில் பார்த்தேன். முந்தின நாள் இரவு வடக்கிலிருந்து காற்று வீசியிருந்தது. "நாளை மறுநாள் வாருங்கள்" என்று படகுக்காரர் சொன்னதைக் கேட்காமல் வரச்சொல்லிவிட்டேன். விடிந்து பார்த்தால் முந்தைய வாரம் நாங்கள் தூண்டில் போட்ட குளம் முழுக்கக் கருஞ்சேறு. நடுவில் சிப்பித் திட்டுகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. அரைநாள் படகைத் தள்ளுவதிலேயே போயிற்று. மதியம் அவர் ஓர் ஆழமான கால்வாய் வளைவுக்குக் கூட்டிப்போனார். குளத்தில் இருந்த மீனெல்லாம் அங்கே வந்து கும்பலாக ஒதுங்கியிருந்தது. தண்ணீர் வடிந்த நாளும் வீணான நாளல்ல, எங்கே ஒதுங்கும் என்று தெரிந்தவர் கூட இருந்தால். லூசியானாவில் முதல் பயணத்துக்கு உள்ளூர் ஆள் கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அந்த மாநிலத்துக்குள்ளேயே எந்த ஊர் என்ற கேள்வியும் உண்டு. பெரும்பாலோர் வெனிஸ் பெயரைத்தான் கேட்டிருப்பார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து தெற்கே ஏறக்குறைய 75 மைல், சாலை முடியும் இடம், மிசிசிப்பி கடலில் கலக்கும் கழிமுகம். பெரிய மீனுக்கும், ஒரு நாள் ஆழ்கடல் சூரைக்கும் ஆசைப்படுபவர்களுக்கு அது சரியான ஊர். ஆனால் வசந்த காலத்தில் ஆற்றில் வெள்ளம் பெருகினால் நீர் முழுக்கச் செம்மண் கலங்கலாகிவிடும்; படகிலும் நெடுந்தூரம் ஓட வேண்டியிருக்கும். ஹோப்டேல், டெலக்ரோ இரண்டும் செயின்ட் பெர்னார்ட் பகுதியில், நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். கிழக்கே பிலக்சி சதுப்பு விரிந்து கிடக்கிறது. குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் ஹோப்டேல்தான் சொல்வேன். காலை நான்கு மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. மழை வந்தால் திரும்பி வருவதும் சுலபம்.

மாதம்? செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. வெயில் தணிந்திருக்கும், வெள்ளை இறால் சதுப்பிலிருந்து வெளியேறும், அதைத் துரத்தி மீன் வாய்க்கால் முனைகளில் நிற்கும். டிசம்பர், ஜனவரியில் நீர் தெளிந்துவிடும். மீனைக் கண்ணால் பார்த்து அதன் முகத்துக்கு நேரே தூண்டிலை வீசலாம். இறகும் நூலும் கட்டிய போலி இரையை வீசும் ஃபிளை தூண்டில்காரர்கள் உலகெங்கிலுமிருந்து அப்போதுதான் வருகிறார்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு அந்தக் குளிரும் காத்திருப்பும் ஒத்துவராது. அவனுக்கு ஏற்றது சத்தத் தக்கை. தக்கைக்குக் கீழே இரண்டடி நரம்பு, முனையில் இறால். கோலைச் சுண்டினால் தக்கை 'ப்ளக்' என்று நீரை விழுங்கும், இறால் துள்ளும் சத்தம் மாதிரி. இரண்டு சுண்டு, கொஞ்சம் நிறுத்து. அந்த நிறுத்தத்தில்தான் தக்கை காணாமல் போகும்.

ஒரு எச்சரிக்கை. லூசியானாவில் ஓதம் ஏறி இறங்கும் நீர்கூடச் சில இடங்களில் தனியார் சொத்து. நிலம் அரிக்கப்பட்டு நீரானாலும் பத்திரம் அப்படியே இருக்கிறது. 1932 முதல் 2016 வரை அந்தக் கரையில் ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டர் நிலம் கடலுக்குப் போயிருக்கிறது என்றால், எத்தனை பத்திரங்கள் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சொந்தமாக கயாக் எடுத்துப் போகிறவர்கள் 'தனியார்' பலகை பார்த்தால் திரும்பிவிடுவதே நல்லது.

அடுத்து டெக்சஸ். எங்கள் வீட்டிலிருந்து போர்ட் அரான்சஸ் காரில் மூன்றரை, நான்கு மணி நேரம். பக்கத்திலேயே ரெட்ஃபிஷ் பே என்று பெயரிலேயே மீனை வைத்திருக்கும் விரிகுடா. இங்கே சேறு குறைவு. மணல் தரை, கடற்புல், கண்ணாடி மாதிரித் தண்ணீர். புல்லை மோட்டார் விசிறியால் பிடுங்குவது அங்கே சட்டப்படி குற்றம். அதனாலேயே கயாக்கில் போவதும் நீரில் இறங்கி நடப்பதும் இங்கே பொருந்துகின்றன. அரான்சஸ் பாஸுக்கும் போர்ட் அரான்சஸுக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்திலேயே கயாக்கை இறக்கலாம். 'லைட்ஹவுஸ் லேக்ஸ்' துடுப்புப் பாதை அங்கிருந்து தொடங்குகிறது; ஒன்றேகால் மைலிலிருந்து ஏழு மைலுக்குச் சற்றுக் குறைவான தூரம் வரை நான்கு சுற்றுகள், வழியெல்லாம் எண் பலகைகள். 1857இல் கட்டிய கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கரையில் நிற்பது கருங்கண்டல். பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு அந்த மூச்சு வேர்கள் உடனே அடையாளம் தெரியும்; அங்கேயுள்ள வெண்கண்டலும் இதுவும் ஒரே பேரினம்.

தண்ணீரில் இறங்கி நடக்கும்போது காலைத் தூக்கி வைக்கக் கூடாது, தரையில் இழுத்து இழுத்து நடக்க வேண்டும். மணலில் புதைந்திருக்கும் திருக்கை அப்போது விலகிப் போகும். கோடையில் காலில் புண் இருந்தால் வெதுவெதுப்பான உப்பு நீரில் இறங்கவே வேண்டாம். விப்ரியோ கிருமி விளையாட்டல்ல.

செலவில் டெக்சஸுக்குப் பக்கத்தில் எதுவும் வராது. கயாக் வாடகை, பெட்ரோல், ஒரு ராத்திரி அறை, அவ்வளவுதான். மீன் எண்ணிக்கையில் லூசியானா முந்தும். ஆனால் மீன் முதுகு நீரைக் கிழித்து வருவதை, எழுந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு நீங்களே கண்டுபிடித்து நீங்களே வீசும் அந்தச் சில நொடிகளுக்காக நான் வருடத்தில் மூன்று நான்கு முறை அங்கேதான் போகிறேன்.

சவுத் கரோலினாவின் சார்ல்ஸ்டன் வேறு உலகம். அங்கே தண்ணீரை நகர்த்துவது நிலா. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொன்றும் ஐந்தடிக்கும் மேல். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் கூடி, சாதாரணமாகக் காய்ந்து கிடக்கும் ஸ்பார்ட்டினா புல்வெளிக்குள் நீர் நுழையும். அந்தப் புல்வெளியில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் வளை தோண்டி வாழ்கின்றன. அதைத் தின்ன ரெட்ஃபிஷ் தலைகீழாக நின்று சேற்றைக் கிளறும். செம்பு வால் நீருக்கு மேலே அசையும். புல்லுக்கு நடுவே அந்த வாலை மாலை வெயிலில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் மொத்தமே ஒன்றரை, இரண்டு மணி நேரம். நீர் இறங்கத் தொடங்கினால் மீனும் இறங்கிவிடும். சமையலறையில் தொங்கும் நாள்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்து, அப்புறம் ஓத அட்டவணையில் சார்ல்ஸ்டனுக்கு ஆறடி வருகிறதா என்று பார்த்து, மேயிலிருந்து அக்டோபருக்குள் தேதி குறிக்க வேண்டும். ஹூஸ்டனிலிருந்து விமானம்தான். சிறுவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்; ஏற்கெனவே பத்து மீன் பிடித்தவர்களுக்குச் சொல்வேன்.

ஃபுளோரிடாவின் மஸ்கிட்டோ லகூன் ஒரு காலத்தில் இந்தப் பட்டியலில் முதலில் வந்திருக்கும். கடற்புல் அழிந்து, 2022 செப்டம்பரில் அது சேர்ந்த இந்தியன் ரிவர் லகூன் பகுதி முழுவதிலும் ரெட்ஃபிஷ்ஷைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்று விதி வந்தது. வீட்டுக்கு மீன் கொண்டுவர நினைப்பவர்கள் இப்போதைய விதியைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

விதிகளைப் பொறுத்தவரை, லூசியானாவில் 2024 ஜூன் 20 முதல் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 4 மீன், 18 முதல் 27 அங்குலம் வரை. அதற்கு மேற்பட்ட ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. பழைய கட்டுரைகளில் '5 மீன், 16 அங்குலம்' என்று இருக்கும், நம்பாதீர்கள். டெக்சஸில் 3 மீன், 20 முதல் 28 அங்குலம். உரிமத்தோடு வரும் சீட்டை ஒட்டினால் வருடத்துக்கு ஒரு பெரிய மீன் கூடுதலாக. இந்த இரண்டு மாநிலங்களிலும் வழிகாட்டிப் படகில் போனாலும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் உரிமம் வேண்டும். சவுத் கரோலினாவில் படகின் உரிமமே பயணிகளுக்கும் போதும். வழிகாட்டிக் கட்டணம் எங்கும் படகுக்குத்தான், ஆளுக்கு அல்ல. அதனால் மூன்று பேர் சேர்ந்தால் லாபம். புக் செய்யும்போதே "எந்தப் படகு?" என்று கேளுங்கள். கோல் ஊன்றித் தள்ளும் ஸ்கிஃப்பில் இரண்டு பேர்தான் தூண்டில் போட முடியும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு: 1980களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் புருடோமின் 'பிளாக்கன்ட் ரெட்ஃபிஷ்' (மசாலா தடவிக் கருக வறுத்த மீன்) நாடு முழுக்கப் பரவி, வலைக்காரர்கள் கடலில் முட்டையிடும் கூட்டத்தையே வாரத் தொடங்கினார்கள். இனம் தப்பியது சட்டத்தால்தான். டெக்சஸ் 1981இலேயே தன் கடலில் பிடித்த ரெட்ஃபிஷ்ஷை விற்கத் தடை போட்டது. லூசியானா 1988இல் வணிகப் பிடிப்பை நிறுத்தியது. 20 வருட மீனை நீரில் தாங்கிப் பிடித்து, அது வாலை அடித்துப் போகும் வரை காத்திருந்து விடுவதற்கு எனக்கு எந்த விதியும் தேவையில்லை.

வைத்துக்கொள்ளும் சின்ன மீனுக்கு: செதிலையும் தோலையும் எடுக்காமல் இரண்டு பாளமாகப் பிளந்து, சதைப் பக்கம் மிளகாய்த்தூள், மஞ்சள், பூண்டு, எலுமிச்சை தடவி, செதில் பக்கம் தணலில் படும்படி வையுங்கள். திருப்பக் கூடாது. செதில் கருகி ஓடு மாதிரி ஆகும், சதை உள்ளே வெந்து பஞ்சாக இருக்கும். தலையைக் குழம்புக்கு எடுத்து வையுங்கள்.

மைத்துனனுக்கு நான் சொன்னது: அக்டோபர் மூன்றாவது வாரம், நியூ ஆர்லியன்ஸுக்கு டிக்கெட், ஹோப்டேலில் இரண்டு நாள் படகு. மூன்றாவதாக ஒரு நாள் சும்மா விட்டு வைக்கச் சொன்னேன். வாடை இறங்கினால் படகை அந்த நாளுக்குத் தள்ளிக்கொள்ளலாம். அவன் சரி என்றான். பையனின் கால் அளவு கேட்டிருக்கிறேன், ரப்பர் பூட்ஸ் இங்கேயே வாங்கிவிடலாம்.