அம்மா அப்பாவைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போக முதல்: வன்னியிலிருந்து ஒரு நீண்டகால அனுபவப் பகிர்வு

பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். பெற்றோர் கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இருப்பார்கள். இரண்டு பக்கமும் சந்திப்பதற்கு நடுவில் ஓர் இடம் வேண்டும் என்றால் சிங்கப்பூரும் அங்கிருந்து புறப்படும் மூன்று, நான்கு, ஐந்து இரவுக் கப்பல்களும் நல்ல ஏற்பாடு. பெட்டியை ஒருமுறை திறந்தால் போதும். கட்டிலும் சாப்பாடும் கூடவே வரும். வான் வாகனத்தில் ஏறி இறங்குகிற அலைச்சல் குறைவு. பலமுறை போய்வந்தும் இந்த எண்ணம் மாறவில்லை. ஆனால் கப்பலையும் அறையையும் துறைமுகங்களையும் கூட்டத்திலேயே வயது கூடியவருக்கு ஏற்றபடி தெரிவு செய்யவேண்டும். பேரப்பிள்ளைகளுக்குச் சறுக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பதிந்த பயணங்களில் அம்மம்மாமார் பாதி நாள் அறையிலேயே படுத்திருப்பார்கள்.

முதலில் விசா. அதிகம் பிழை விடுவது இதில்தான். காரணமும் ஒன்றுதான்: காசு கட்டிப் பதிகிறவரிடம் இருப்பது கனேடியக் கடவுச்சீட்டு. மலேசியாவின் பினாங்கோ போர்ட் கிளாங்கோ போக அவருக்கு விசா தேவையில்லை, அதனால் அந்தக் கேள்வியே அவருக்கு எழாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் சிங்கப்பூருக்குள் விசா இல்லாமல் போகலாம். மலேசியாவுக்கு முன்கூட்டியே ஈ-விசா எடுக்கவேண்டும். "நாங்கள் இறங்கமாட்டோம், கப்பலிலேயே இருக்கிறோம்" என்று சொல்லித் தப்பலாம் என நினைக்கவேண்டாம். போகிற ஒவ்வொரு நாட்டுக்கும் விசா கையில் இல்லாவிட்டால் பல கப்பல் நிறுவனங்கள் சிங்கப்பூரிலேயே ஏற்றமாட்டா, கட்டிய காசும் திரும்பாது. தாய்லாந்தின் விதி அடிக்கடி மாறுவதால் பதிகிற கிழமையிலேயே அதைப் பாருங்கள், போன வருடம் போனவர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐரோப்பியப் பக்கம் போவதென்றால் கப்பல் நடுவில் துருக்கிக்குப் போய்த் திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். அப்படியானால் செங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) பல தடவை நுழையக்கூடியதாக இருக்கவேண்டும், ஒருமுறை நுழைவு விசாவை வைத்துக்கொண்டு திரும்பி ஏற முடியாது. மயாமியிலிருந்து கரீபியன் போகிற கப்பலுக்கும் இதே கணக்கு: அமெரிக்காவை விட்டு வெளியே போய் மீண்டும் உள்ளே வருகிறீர்கள்.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும். கடவுச்சீட்டில் பயணம் முடிகிற நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் மிச்சமா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் வவுனியாவில் உள்ள குடிவரவுக் கிளை அலுவலகம். பிறகு முற்பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு. அந்தப் பதிவை வைத்து விசா. விசா கையில் வந்தபிறகு மிச்சக் காசு. மிச்சத்தைக் கட்டவேண்டிய கடைசி நாள் வழமையாகப் புறப்பாட்டுக்கு 75 முதல் 90 நாளைக்கு முன் வரும். அதனால் எல்லாவற்றையும் ஐந்து மாதத்துக்கு முன் தொடங்கினால் மூச்சு விடலாம்.

பெயரிலும் கவனம் வேண்டும். எங்கள் கடவுச்சீட்டுகளில் தகப்பன் பெயர் ஓரிடத்தில், சொந்தப் பெயர் இன்னோரிடத்தில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பதிகிற மகன் வீட்டில் கூப்பிடுகிற பெயரையோ, முதலெழுத்துச் சுருக்கத்தையோ போட்டுவிடுவார். கடவுச்சீட்டின் படப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் எடுத்து, அதில் கீழே இரண்டு வரியில் அம்புக்குறிகளோடு இருக்கிற எழுத்துக்களைப் பார்த்து, எழுத்துக்கெழுத்து அப்படியே அடிக்கச் சொல்லுங்கள். விமான ரிக்கற், கப்பல் பதிவு, விசா மூன்றிலும் ஒரே பெயர் வரவேண்டும்.

காலம் பற்றி வன்னிக் கரையோர ஆட்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. சோழகமும் (தென்மேற்குக் காற்று) வாடையும் (வடகிழக்குக் காற்று) இங்கே எப்போது அடிக்கிறதோ, அந்தப் பக்கமும் ஏறக்குறைய அப்போதுதான். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமாத்திரா, மறுபக்கம் மலாயாக் குடாநாடு. இரண்டும் மறைப்பதால் சிங்கப்பூர், போர்ட் கிளாங், பினாங்கு வழி வருடம் முழுக்கப் பெரும்பாலும் அமைதி. தாய்லாந்தின் புக்கெட் அந்த மறைப்புக்கு வெளியே, அந்தமான் கடலில் இருக்கிறது, மே முதல் ஒக்டோபர் வரை சோழக அலை அங்கே தெரியும். வியட்நாம் பக்கம் போகிற கப்பலுக்கு டிசம்பர், ஜனவரி வாடை கடினம். முதல் தடவை கப்பல் ஏறுகிற பெற்றோருக்கு மலாக்கா வழியே நல்லது.

அறை எடுக்கும்போது பலரும் யன்னலா பல்கனியா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். அறை கப்பலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். ஏ9 வீதியில் பஸ்ஸின் கடைசி சீற்றில் இருப்பவரைப் பள்ளம் தூக்கிப்போடும், நடுச் சீற்றில் இருப்பவருக்கு அவ்வளவு தெரியாது. கப்பலும் அப்படித்தான். நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தட்டு, இரண்டும் சேர்ந்த இடத்தில் ஆட்டம் குறைவு. அணியப் பக்க (கப்பலின் முன்பக்க) அறைகளில் ஆட்டத்தோடு, விடியப்புறம் துறைமுகத்துக்குள் நுழையும்போது நங்கூரச் சங்கிலிச் சத்தமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகளின் அதிர்வும் சேரும். தட்டு வரைபடத்தை எடுத்து, உங்கள் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலும் கீழும் அறைகளே இருந்தால் நல்லது. மேலே நீச்சல் தடாகத் தட்டோ பஃபே மண்டபமோ இருந்தால் காலை ஐந்து மணிக்கே கதிரை இழுக்கிற சத்தம் கேட்கும். கீழே அரங்கு இருந்தால் நடுச்சாமம் வரை இசை. பக்கத்து அறைக்கு நடுவில் கதவு உள்ள அறை, சொந்தக்காரர் இரண்டு அறை எடுத்தால் மட்டும் பிரயோசனம். மற்றப்படி பக்கத்து அறைக் கதை முழுவதும் கேட்கும். லிப்டுக்கு அண்மை வேண்டும், ஆனால் நேர் எதிரே வேண்டாம். பெரிய கப்பலின் நடைபாதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 300 மீற்றருக்கு மேல் வரும். முழங்கால் வருத்தக்காரர் அதை ஒரு நாளைக்கு ஆறு தடவை நடக்கவேண்டிவரும். "அறையை நாங்களே ஒதுக்குவோம்" என்று மலிவாக விற்கும் வகை இளம் சோடிகளுக்குச் சரி, பெற்றோருக்கு வேண்டாம்.

குளியலறையைக் கிட்ட நின்று பார்ப்போம், ஏனென்றால் எங்கள் ஆட்கள் கஷ்டப்படுவது அதற்குள்தான். வாசலில் தண்ணீர் வெளியே வராமல் ஒரு சிறு படி இருக்கும். இரவில் அரைத் தூக்கத்தில் போகிறவர் அதில் இடறுவார். குளியலறை விளக்கைப் போட்டு, கதவைக் கொஞ்சம் நீக்கி வைத்துப் படுங்கள். குளிக்கிற இடம் ஓர் ஆள் திரும்பக்கூடிய அகலம்தான், தரை வழுக்கும், றப்பர் செருப்பு கட்டாயம். ரொயிலெற் காற்றால் உறிஞ்சி இழுக்கிற வகை. மூடியை மூடிவிட்டுத்தான் பொத்தானை அமத்தவேண்டும், சத்தம் பெரிதாக இருக்கும், அம்மாவுக்கு முதலே சொல்லி வையுங்கள். கப்பல் தருகிற கடதாசி தவிர வேறு எதைப் போட்டாலும் குழாய் அடைக்கும். ஒரு அறை அடைத்தால் அந்த வரிசையில் பக்கத்து அறைகளும் சேர்ந்து நிற்கும். கழுவுவதற்குக் கைக்குழாய் பெரும்பாலும் இருக்காது. ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் கோப்பை ஒன்று பெட்டியில் போட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

கொண்டுபோகக் கூடாதவை: ரைஸ் குக்கர், கேத்தில், அயன்பெட்டி, சுருள் ஹீற்றர், மின்னல் தடுப்புடன் கூடிய நீட்டு வயர். இவற்றை ஸ்கானரில் பிடித்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள். கப்பலில் தீதான் பெரிய பயம், அந்த விதி நியாயமானது. சாம்பிராணி, விளக்குக்கும் இதே கதை. சுடுதண்ணி பஃபே மண்டபத்தில் எடுக்கலாம், ஒரு பிளாஸ்க் போதும். வெற்றிலை போடுகிற பெரியவர்கள் புகையிலையை வீட்டில் விட்டுவிட வேண்டும். மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை, சுவிங்கத்துக்கும் அப்படியே. அறைச் சுவர் உருக்குத் தகடு என்பதால் நாலு காந்தக் கொழுக்கி கொண்டுபோனால் ஈரத் துவாயும் சாரமும் தொங்கவிடலாம். பிளக் துளைகள் குறைவு, பல நாட்டு அடாப்டர் ஒன்று வேண்டும்.

சாப்பாட்டில் அளவுக்குக் குறைவில்லை, சைவத்துக்குத்தான் விசாரிப்பு வேண்டும். சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் சோறு, பருப்பு, றொட்டி பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் மரக்கறிச் சூப் என்று எழுதியிருப்பதில் எலும்புச் சாறு இருக்கலாம், பிரட்டலில் மீன் சோஸோ சிப்பி சோஸோ இருக்கலாம், ஜெலி வகை இனிப்பில் ஜெலற்றின் இருக்கலாம். பதிவிலேயே "இந்தியச் சைவம்" என்று குறிப்பிடச் சொல்லுங்கள். முதல் இரவே மேசையில் தலைமைப் பரிசாரகரைக் கூப்பிட்டு மறுபடி சொல்லுங்கள். அடுத்த நாளைக்கு வேண்டியதை முதல் நாள் இரவே சொன்னால் சமைத்துத் தருவார்கள், அந்த நேரத்தில் கேட்டால் இல்லை. உறைப்புக்கு ஒரு சிறு போத்தல் மிளகாய்த்தூள் கொண்டுபோவது நல்ல பழக்கம், மூடி திறக்காத கடைப் பொதியாக இருக்கட்டும்.

காசு. ரிக்கற் விலை ஓர் அறையில் இருவர் என்ற கணக்கு. தனியாகப் போகிறவரிடம் இரண்டாவது ஆளின் காசையும் பெரும்பாலும் கேட்பார்கள், அதனால் விதவைத் தாயைத் தனி அறையில் விடாமல் மகளோடு சேர்த்துப் பதியுங்கள். செலவுக்கும் பாதுகாப்புக்கும் அதுதான் சரி. ரிக்கற்றுக்கு மேலே பணியாளர் கொடுப்பனவு என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 அமெரிக்க டொலர் தன்னாலே கணக்கில் ஏறும். 18 டொலர் என்று வைத்தால் நாலு பேருக்கு நாலு இரவுக்கு 288 டொலர். வீட்டில் யாருக்கும் இது முதலில் தெரிந்திருக்காது. கப்பலுக்குள் காசு ஓடாது, அறைத் திறப்பாக இருக்கிற அட்டையில்தான் எல்லாம் பதியும். பெற்றோரின் அட்டையை மகனின் வங்கிக் கணக்கோடு இணைத்துவிட்டால் போதும். உள்ளூர் டெபிற் காட்டை இணைத்தால் கப்பல் ஒரு தொகையை முன்னதாகவே பிடித்துவைக்கும், அது விடுபட நாட்கள் எடுக்கும், கட்டுநாயக்கா வந்து வானுக்குக் காசு எடுக்கப் போனால் கணக்கில் இராது. இரண்டாம் இரவு வரவேற்பு மேசையில் கணக்கைப் பார்த்துவிடுங்கள். பிழையை அன்றைக்குச் சொன்னால் திருத்துவார்கள், கடைசிக் காலை அந்த வரிசை மிக நீளம்.

போனை ஏறியவுடன் விமானப் பயன்முறைக்கு மாற்றவும். கரையை விட்டதும் அது கப்பலின் செய்மதி வலையமைப்பைப் பிடிக்கும், ரோமிங் திறந்திருந்தால் ஒரு அழைப்பே பெரிய காசு. நேரத்திலும் கவனம்: சிங்கப்பூர் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னே, தாய்லாந்து ஒன்றரை. கரையில் இறங்கும்போது கப்பல் நேரம் எதுவென்று கேட்டு, கையில் கட்டும் மணிக்கூட்டை அதற்கு வைத்துவிடுங்கள். போன் தானாக மாறிக்கொள்ளும். பிந்தினால் கப்பல் நிற்காது.

பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில், ஜோர்ஜ் ரவுணுக்குள்ளேயே கட்டும். குவீன் வீதி மகாமாரியம்மன் கோவிலும் லிற்றில் இந்தியாவும் நடக்கிற தூரம், பெரியவர்களுக்கு இதைவிட நல்ல துறைமுகம் இந்த வழியில் இல்லை. போர்ட் கிளாங்கிலிருந்து பத்துமலை போகலாம், ஆனால் வாகன நெருக்கடியோடு ஒரு பக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல், பிறகு 272 படி. கப்பல் எட்டு மணித்தியாலமாவது நின்றால் மட்டும் போங்கள். படி ஏற முடியாதவர் கீழே முருகன் சிலையடியில் கும்பிட்டுத் திரும்பலாம். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, சிறு படகில் இறக்கும். படகும் மேடையும் ஏறி இறங்கிக்கொண்டிருக்க நடுவில் கால் வைக்கவேண்டும். சக்கர நாற்காலிக்காரரும் இடுப்பு வருத்தக்காரரும் அன்று கப்பலிலேயே இருப்பது நல்லது.

கடற்சத்திக்கு இங்கே பாமசியில் கிடைக்கிற சினரிசின் குளிசை போதும். வளர்ந்தவருக்கு வழமையான அளவு புறப்பட இரண்டு மணித்தியாலம் முன் 30 மில்லிகிராம், பிறகு எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் 15. சத்தி தொடங்கினபின் போட்டால் வேலை செய்வது குறைவு. நித்திரை தூங்கும். நடுக்க வாதம் (பார்க்கின்சன்) உள்ளவர்களுக்கு ஆகாது, பிரஷர், சீனி மருந்து எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டே போடவேண்டும். வெறும் வயிறு கூடாது. இன்சுலினுக்கு அறைக் குளிர்பெட்டியை நம்பாதீர்கள், பல கப்பல்களில் அது போத்தலைக் குளிராக்க மட்டும்தான், மருந்துக் குளிர்பெட்டி கேட்டால் தருவார்கள். கப்பல் டொக்டருக்கு டொலரில் கட்டவேண்டும், கடலிலிருந்து ஆளைக் கரைசேர்க்கிற செலவையும் ஏற்கிற காப்புறுதி இல்லாமல் எழுபது வயதுக்காரரை ஏற்றவேண்டாம். வயிற்றோட்டம் பரப்பும் நோரோ வைரசுக்குக் கை ஜெல் பெரிதாக உதவாது, சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும்.

ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அது அபாய அறிவிப்பு. ஏறிய அன்றே ஒவ்வொருவரும் தங்கள் கூடும் இடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்டவேண்டும். காது கேளாத அப்பாவுக்கு இடத்தைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், தாளில் எழுதிக் கொடுத்தால் போதாது.

பெட்டியைத் துறைமுக வாசலில் கொடுத்தால் பின்னேரம்தான் அறைக்கு வரும். மருந்து, கடவுச்சீட்டு, விசாத் தாள், ஒரு மாற்று உடுப்பு கைப்பையில். கடைசி இரவு பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், காலையில் போடும் உடுப்பையும் சப்பாத்தையும் எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள். சிங்கப்பூருக்குள் திரும்ப வருவதும் புது நுழைவுதான், வருகை அட்டையை இணையத்தில் மறுபடி நிரப்பவேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளம் போலி. விமானம் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிந்தியதாக இருக்கட்டும். கட்டுநாயக்காவிலிருந்து கிளிநொச்சிக்கு இன்னும் ஆறு, ஏழு மணித்தியாலம் வான் வாகனத்தில் இருக்கவேண்டும், நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கிப் போவது பெரியவர்களுக்குச் சுகம். வீடு வந்தபிறகும் ஒன்றிரண்டு நாள் கட்டில் ஆடுகிறது போல இருக்கும். குளிசை தேவையில்லை, தானாக அடங்கும். அந்த இரண்டு நாளும் கிணற்றுக் கட்டில் ஏறி நிற்க விடாதீர்கள்.