ராத்திரிக்கு மட்டும் காண்டம் கதீட்டர்: மூன்று வருடம் ஆயிற்று

இவருக்குப் பார்க்கின்சன் (உடல் விறைத்து அசைவு குறையும் மூளை நரம்பு நோய்) முற்றிய பிறகு ராத்திரியில் 5, 6 தடவை சிறுநீர் வரும். மாலை மாத்திரையின் வேகம் நடுராத்திரிக்குள் தீர்ந்துவிடும். புரண்டு படுக்கவே முடியாதவர் எழுந்து உட்காருவதற்குள் வேட்டி நனைந்திருக்கும். நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இரண்டு தடவை விழுந்த பிறகு பாத்ரூமுக்கு நடத்திக் கூட்டிப்போவதை நிறுத்தினேன். பாட்டில் பகலுக்குச் சரி, ராத்திரியில் பாதி மெத்தைக்குத்தான் போகும்.

சிறுநீர்ப்பையை அடக்க முதலில் ஆக்சிபியூட்டினின் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரத்தில், "அலமாரி பக்கத்துல யாரோ நிக்கிறாங்க பாரு" என்று ஆரம்பித்துவிட்டார். அது மூளைக்குள்ளும் போய்க் குழப்பும் வகை மருந்தாம். நியூராலஜிஸ்ட் உடனே நிறுத்தச் சொன்னார். மருந்து எழுதும்போதே பார்க்கின்சன் என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

பிறகுதான் காண்டம் கதீட்டர். ஆணுறை மாதிரி வெளியே மாட்டும் உறை, அதன் நுனியிலிருந்து ட்யூப் வழியாகச் சிறுநீர் ஒரு பைக்குப் போகும். சிறுநீர் கழித்த பின்னும் சிறுநீர்ப்பையில் தேங்குகிறதா என்று ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் யூராலஜிஸ்ட் சம்மதித்தார். தேங்குபவர்களுக்கு இது தீர்வு இல்லை.

முதல் மாதம் தினமும் கழன்றது. தப்பு என்னுடையது, குத்துமதிப்பாகப் பெரிய அளவு வாங்கியிருந்தேன். அளவு அட்டையை வைத்துப் பார்த்தால் இரண்டு அளவு சின்னது போதும். இப்போது சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பவுடரோ எண்ணெயோ தடவாமல், நுனியில் கொஞ்சம் இடம் விட்டு உருட்டி ஏற்றுவேன். ஏற்றியதும் உள்ளங்கையால் சற்று நேரம் பொத்திப் பிடிக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் பசை பிடிக்கும். முடியைச் சவரம் செய்யாமல் கத்தரித்தால் போதும். லேடெக்ஸில் தோல் சிவந்தது, சிலிகானுக்கு மாறினோம். ட்யூப் தொடைக்கு அடியில் மடங்கிவிட்டால் உறை பலூன் மாதிரி உப்பிப் பிய்த்துக்கொள்ளும். அப்படி ஒரு ராத்திரி ஆனது, இன்னும் மறக்கவில்லை.

எதிர்பாராத லாபம், சிறுநீர் சேரும் பையில் போட்டிருக்கும் அளவுக் கோடுகள். காலையில் 1,100 மில்லி! பகலில் அதில் பாதிகூட இல்லை. குறித்துக் காட்டினேன். படுத்தால் இவருக்கு அழுத்தம் ஏறுகிறது, பகலில் காலில் இறங்கிய நீரும் திரும்புகிறது, அதனால் சிறுநீரகம் ராத்திரியில் அதிகமாக வேலை செய்கிறது என்றார் டாக்டர். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினோம், மதியம் காலைத் தூக்கி வைத்துப் படுக்க வைக்கிறேன். இப்போது பெரும்பாலும் 700க்குள் நிற்கிறது.

குறை இருக்கிறது. குழப்பமான நாட்களில் இவரே பிடுங்கிவிடுவார், தோல் உரியும். அன்றைக்கு டயப்பர்தான். திடீரென்று இப்படிக் குழம்பினால் நோய் முற்றிவிட்டது என்று பயப்படுவதற்கு முன் சிறுநீர் டெஸ்ட் எடுங்கள். எங்களுக்கு ஒரு தடவை கிருமித்தொற்றுதான் காரணம்.

வாங்குபவர்கள் பெட்டியாக வாங்காதீர்கள். இரண்டு அளவில் நாலு நாலு வாங்கிப் போட்டுப் பாருங்கள். எங்கள் பழைய பெரிய அளவுப் பெட்டி இன்னும் அலமாரியில் அப்படியே கிடக்கிறது.