பழைய டிராக்டர் வீல் போல்ட்: கம்பெனி பார்ட்டா, ஹார்டுவேர் கடையா, லேத்து பட்டறையா?

பழைய டிராக்டரை எடுத்து சரி பண்றவங்க இன்ஜினுக்கும் பெயிண்ட்டுக்கும் டயருக்கும் அவ்வளவு யோசிக்கிறாங்க, ஆனா வீல் போல்ட்டுன்னு வரும்போது மட்டும் பக்கத்துக் கடையில என்ன இருக்கோ அதை வாங்கி மாட்டிடறாங்க. மாஸி 1035, மஹிந்திரா பி-275, எஸ்கார்ட்ஸ்ல வந்த ஃபோர்டு 3600 மாதிரி வண்டிங்க இன்னமும் நம்ம ஊர்ப் பக்கம் நிறைய ஓடுது, தூக்கி நிறுத்த ஆசைப்படறவங்களும் நிறைய, அதனால காசு எங்க மிச்சம் பிடிக்கலாம் எங்க பிடிக்கவே கூடாதுன்னு கடை கடையா பிரிச்சு எழுதிடறேன்.

முதல்ல ஒண்ணு தெளிவாயிடணும். பின் வீல்ல ரெண்டு வகை போல்ட் இருக்கு. ஒண்ணு, ஆக்ஸில் முனையில இருக்கிற ஹப்போட டிஸ்க்கை, அதாவது வீல் நடுத் தகட்டை, சேர்த்துப் பிடிக்கிற ஸ்டட் (ஹப்புலயே நிக்கிற மரைத் தண்டு) இல்லன்னா போல்ட். இன்னொண்ணு, ரிம்முக்குள்ள வெல்டிங் பண்ணியிருக்கிற காதுகளோட டிஸ்க்கை சேர்க்கிற போல்ட், வீல் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும்போது கழட்டுவோமே அது. ரெண்டையும் ஒரே கடையில ஒரே ரகத்துல வாங்கணும்னு அவசியமே இல்ல. ஹப் ஸ்டட்டு விட்டுப் போனா வீலே தனியா போயிடும், ரோட்டுல கரும்பு லோடு டிரெய்லரோட போகும்போது அது நடந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. ரிம் போல்ட்டும் முக்கியம்தான், ஆனா அதுல ஒண்ணு லூசானா சத்தம் வரும், ஆட்டம் தெரியும், பார்த்துப் பிடிச்சுடலாம்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி மரை (திரெட்) என்னன்னு தெரியணும், பாதிப் பேர் காசை விடறது இந்த இடத்துலதான். மாஸி, பி-275 டிசைன் எல்லாம் இங்கிலாந்துல இருந்து வந்தது, ஃபோர்டும் இன்ச் கணக்குல பிறந்த வண்டிதான். 1948ல அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் சேர்ந்து யூனிஃபைடு மரைன்னு ஒண்ணை ஒத்துக்கிட்டாங்க, அதுல நெருக்கமா இருக்கிற பொடி மரைக்குப் பேரு யுஎன்எஃப், இடைவெளி விட்ட பெரு மரைக்கு யுஎன்சி. அதுக்கும் முந்தின இங்கிலீஷ் மெஷின்கள்ல விட்வொர்த் மரை, அதோட பொடி மரையான பிஎஸ்எஃப் எல்லாம் இருக்கும். விட்வொர்த் மரையோட கோணம் 55 டிகிரி, யூனிஃபைடும் மில்லி கணக்குல வர்ற மெட்ரிக்கும் 60 டிகிரி. 5/8 இன்ச் போல்ட்டுல விட்வொர்த்துக்கும் யுஎன்சிக்கும் இன்ச்சுக்கு 11 மரைதான், அதனால நட்டு சுகமா ஏறிடும், ஆனா மரையோட முகம் முழுசா உட்காராது. இதை விட ஆபத்து 1/2 இன்ச் யுஎன்எஃப் நட்டுல எம்12, அதாவது 12 மில்லி மெட்ரிக், பொடி மரை போல்ட்டைப் போடறது. 1/2 இன்ச்னா 12.7 மில்லி, இன்ச்சுக்கு 20 மரை, அதாவது மரைக்கு மரை 1.27 மில்லி. எம்12 பொடி மரை 1.25. பிட்ச் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா போல்ட் 0.7 மில்லி ஒல்லி. கையில சுத்தினா அழகா ஏறும், ஸ்பேனர் போட்டு முடுக்கினா மரை உரிஞ்சுடும், உரியலைன்னா அதை விட மோசம், ஓடும்போது உரியும். அதனால தடிமன் அளக்க ஒரு வெர்னியரும் மரை அளக்க ஒரு திரெட் கேஜும் கையில இருக்கணும். வண்டியில இப்ப மாட்டியிருக்கிற போல்ட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க, இத்தனை வருஷத்துல யாராவது எதையாவது மாத்தியிருப்பாங்க, ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியா அளந்து பாருங்க.

அடுத்தது தலையில இருக்கிற எழுத்து. மெட்ரிக்ல 8.8, 10.9ன்னு அடிச்சிருக்கும். முதல் எண்ணை நூறால பெருக்கினா அந்த இரும்பு சதுர மில்லிக்கு எத்தனை நியூட்டன் இழுவையில அறும்னு தெரியும், புள்ளிக்குப் பின்னாடி இருக்கிறது அதுல பத்துல எத்தனை பங்குல நிரந்தரமா நீள ஆரம்பிக்கும்னு சொல்லுது. 8.8ன்னா 800ல அறும், 640ல நீளும். இன்ச் போல்ட்டுல எண்ணுக்குப் பதிலா கோடு, மூணு கோடுன்னா கிரேடு 5, கிட்டத்தட்ட நம்ம 8.8, ஆறு கோடுன்னா கிரேடு 8, கிட்டத்தட்ட 10.9. தலையில கோடும் இல்ல எண்ணும் இல்லன்னா சாதா மைல்டு ஸ்டீல்னு எடுத்துக்கோங்க. எம்16 பெரு மரையில 4.6, அதாவது சாதா மைல்டு ஸ்டீல் போல்ட், ஆறு டன்னுக்குக் கொஞ்சம் மேல இழுத்தா அறும், அதே சைஸ் 8.8 பன்னண்டு டன்னைத் தாண்டித்தான் அறும். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், விலையும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இல்ல.

இப்ப கடைகளுக்கு வருவோம்.

டீலர்கிட்ட கம்பெனி பார்ட் வாங்கறது மாஸி 1035காரங்களுக்கு சுலபம், மாஸியை இங்க செய்யற டாஃபே அந்தப் பேர்ல இன்னும் வண்டி விக்கிறாங்க. பார்ட் நம்பர் சொன்னா கையில வரும், அளவு, கிரேடு, நட்டோட கோன் (கூம்பா சரிஞ்ச முகம்) எல்லாம் சேர்ந்தே பொருந்தும். விலை அதிகம், ஆமா, ஒரு ஸ்டட்டுக்குக் கேக்கிற காசுல ஹார்டுவேர் கடையில பல போல்ட் வாங்கிடலாம். ஆனா ஹப் ஸ்டட்டுக்கு நான் இங்கதான் போகச் சொல்லுவேன், யாரு என்ன சொன்னாலும். காரணம் கிரேடு மட்டும் இல்ல. ஸ்டட்டோட கழுத்து, உள்ள அடிச்சு இறக்கிற பக்கத்துல இருக்கிற பல்லு, நட்டு உட்காருற சரிவு, இது மூணும் அந்த ஹப்புக்குன்னே செஞ்சது. நட்டு கோனா இருந்து டிஸ்க் ஓட்டையும் சரிவா இருந்தா அங்க தட்டை நட்டும் வாஷரும் போட்டு சமாளிக்கவே முடியாது, ஓரத்துல மட்டும் தொட்டுக்கிட்டு நிக்கும். மாடல் நின்னு போன வண்டின்னா டீலர் கையை விரிக்கலாம். ஃபோர்டு 3600காரங்க எஸ்கார்ட்ஸோட ஃபார்ம்டிராக் வண்டிக்கு ஸ்பேர் விக்கிறவங்ககிட்டயும் காட்டிக் கேளுங்க, ஃபோர்டு கூட்டுக்கு அப்புறம் எஸ்கார்ட்ஸ் அந்தப் பேர்லதான் வந்தாங்க, ஆனா அளந்து பார்த்துட்டுத்தான் காசு குடுக்கணும்.

டிராக்டர் ஸ்பேர் கடையில பிரௌன் கவர்லயும் கம்பெனி மாதிரியே அச்சடிச்ச கவர்லயும் வர்ற லோக்கல் போல்ட் அடுத்தது. பெரும்பாலும் லூதியானா பக்கம் செஞ்சு வர்றது, அங்க போல்ட் நட்டு தொழில் ரொம்பப் பெருசு, நல்லதும் அங்கதான் செய்றாங்க மட்டமானதும் அங்கதான். வடிவம் சரியா இருக்கும், டி-தலை, சதுரத் தலை எல்லாம் கிடைக்கும், விலையும் கம்பெனி பார்ட்டை விட நல்லாவே குறையும். இரும்பு எப்படின்னு மட்டும் கடைக்காரருக்கே சொல்லத் தெரியாது. தலையில கிரேடும் செஞ்சவங்க முத்திரையும் ரெண்டும் இருக்கான்னு பாருங்க, 8.8க்கும் அதுக்கு மேலயும் ரெண்டும் இருந்தே ஆகணும்னு தரவிதி சொல்லுது. வெறும் 8.8ன்னு மட்டும் இருந்து முத்திரை இல்லன்னா நான் வாங்க மாட்டேன். நல்லதுன்னு தெரிஞ்ச போல்ட் ஒண்ணை பக்கத்துல வச்சு ரெண்டுலயும் அரத்தால இழுத்துப் பாருங்க, சாதா இரும்புன்னா அரம் கடிக்கிறதுலயே வித்தியாசம் கைக்குத் தெரியும். ரிம் போல்ட்டுக்கு முத்திரை இருக்கிற லோக்கல் தாராளமா போதும்.

காசு நிஜமா மிச்சமாகிற இடம் போல்ட் நட்டு மட்டும் விக்கிற ஹார்டுவேர் கடைதான். கோவையில காட்டூர் பக்கம், சென்னையில பாரிமுனை பக்கம், ஊருக்கு ஊர் இப்படி ஒரு தெரு இருக்கும். "அண்ணா, எச்டி போல்ட் வேணும், 5/8 யுஎன்எஃப், அரை மரை, தலைக்குக் கீழ இத்தனை நீளம்"னு கேட்டா எடுத்து வைப்பாங்க (எச்டின்னா ஹை டென்சைல், இழுவை தாங்கற கெட்டி ரகம்). டிவிஎஸ்னு கேட்டா சுந்தரம் ஃபாஸனர்ஸ் சரக்கு வரும், 1966ல இருந்து தொழில் பண்ற கம்பெனி, மார்க்கு தெளிவா இருக்கும். அரை மரைன்னு அழுத்திச் சொல்லணும், ஏன்னா டிஸ்க்கும் ரிம் காதும் சேர்ற இடத்துல மரை இல்லாத தண்டு இருக்கணும், ஃபுல் மரை போட்டா ஒவ்வொரு மரைப் பள்ளமும் விரிசல் தொடங்க இடம் குடுக்கும். நட்டும் அதே கடையில வாங்குங்க, 8.8 போல்ட்டுக்கு 8ன்னு போட்ட நட்டு, 10.9க்கு 10. நல்ல போல்ட்டுல சாதா நட்டு போட்டா நட்டோட மரைதான் முதல்ல போகும்.

இங்க ஒரு சிக்கல் வரும். ரிம் காதுல பழைய போல்ட்டோட தலை சுத்தாம இருக்கிறதுக்குன்னே டி-தலையோ சதுரமோ இருக்கும், ஹார்டுவேர் கடையில அறுகோணத் தலைதான் கிடைக்கும். பின்னாடி ஸ்பேனர் நுழைய இடம் இருந்தா அறுகோணமே போடுங்க, ஒண்ணும் குறையில்ல. இடம் இல்லன்னு தலையை ரிம்மோட சேர்த்து ஒரு பொட்டு வெல்டிங் வைக்கிற பழக்கம் இருக்கே, அதை மட்டும் செய்யாதீங்க. எச்டி போல்ட்டோட பலமே சூடுபண்ணி ஆறவச்சு கொண்டு வந்தது, வெல்டிங் சூடு பட்ட இடத்துல அது கெட்டு, தலைக்குக் கீழயே நொறுங்கற மாதிரி ஆயிடும்.

பலம்தானே வேணும்னு ரெண்டு படி மேல போய் 12.9 ஆலன் போல்ட் (தலைக்குள்ள அறுகோணக் குழி இருக்கிறது) போடறவங்களும் இருக்காங்க. வேண்டாம். அவ்வளவு கெட்டியான இரும்புல துத்தநாக முலாம் போட்டா ஹைட்ரஜன் உள்ள போய் எந்த அறிகுறியும் காட்டாம திடீர்னு உடையற வாய்ப்பு இருக்கு, அதோட அந்த சின்ன உருளைத் தலை டிஸ்க்கு மேல அழுத்தற பரப்பும் குறைவு. பளபளன்னு இருக்கேன்னு ஸ்டெயின்லெஸ் போடறதும் இதே மாதிரிதான், கடையில கிடைக்கிற ஏ2-70 ரகம் 450லயே நீள ஆரம்பிச்சுடும், 8.8 அளவுக்கு நிக்காது, மரையும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு இறுகிடும்.

பழைய இரும்புக் கடை. உக்கடம், புதுப்பேட்டை மாதிரி இடங்கள்ல தேடினா ஒரிஜினல் டி-தலை போல்ட்டே கிடைக்கும், விலை கிட்டத்தட்ட இரும்பு விலைதான். டிஸ்க், ரிம், வீல் வெயிட் இதையெல்லாம் அங்க வாங்கலாம், ரொம்ப நல்லது. போல்ட்டை மட்டும் மாதிரிக்கு எடுத்துட்டு வாங்க. ஏன்னா வீல் போல்ட்டு லோடை தண்டால தாங்கறது இல்ல, டிஸ்க்கையும் ஹப்பையும் இறுக்கி ஒட்ட வச்சு, அந்த உரசல்லதான் லோடு போகுது. ஒரு தடவை லூசா ஓடின போல்ட்டு ஒவ்வொரு சுத்துக்கும் வளைஞ்சு நிமிர்ந்திருக்கும், உள்ள விரிசல் விழுந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. புது நட்டை கையாலயே கடைசி வரைக்கும் சுத்திப் பாருங்க, நடுவுல ஒரு இடத்துல இறுகினா போல்ட்டு நீண்டுடுச்சுன்னு அர்த்தம். சுகமா ஓடுச்சுன்னா கூட ஹப்புக்கு வேண்டாம், மட்கார்டுக்கு வச்சுக்கோங்க.

லேத்து பட்டறையில கடைஞ்சு வாங்கறது மலிவுன்னு நினைக்கிறாங்க, கணக்குப் போட்டா அப்படி இல்ல. ஈஎன்8ங்கிற ரக இரும்பு ராடுல கடைஞ்சு அப்படியே குடுத்தா அது 8.8 ஆகாது, கடினப்படுத்தணும். ஈஎன்24ங்கிற ரகத்துல ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ண ராடு வாங்கினா பலம் வரும், ஆனா ராடு விலை, கூலி எல்லாம் சேர்த்தா கம்பெனி பார்ட் பக்கத்துல வந்து நிக்கும். அப்பவும் ஃபேக்டரி போல்ட்டுல மரையை உருட்டி அமுக்கி எடுப்பாங்க, லேத்துல வெட்டி எடுப்பாங்க, தொடர்ந்து ஆடற லோடுக்கு உருட்டின மரைதான் நாள்பட நிக்கும். எங்கயுமே கிடைக்காத பிஎஸ்எஃப் சைஸ்னா வேற வழியில்ல, அப்ப லேத்துதான். அதை விட்டா லேத்துக்காரரை நான் தேடிப் போறது ஹப்புல உடைஞ்சு நிக்கிற ஸ்டட்டைப் பிடுங்க, மரை போன ஓட்டையை சரி பண்ண, டை விட்டு பழைய மரையை சுத்தம் பண்ண. அந்த வேலைக்கு அவங்க கை இல்லாம முடியாது.

ஆன்லைன்ல செட்டா போட்டு விக்கிறாங்க. மரை, நீளம், கிரேடு மூணும் எழுத்துல இருந்து, தலை மார்க்கு போட்டோவுல தெரிஞ்சா வாங்கலாம், "எல்லா டிராக்டருக்கும் பொருந்தும்"னு போட்டிருந்தா விட்டுடுங்க.

என் வண்டின்னா ஹப்புக்கு கம்பெனி ஸ்டட்டும் கம்பெனி நட்டும், ரிம்முக்கு ஹார்டுவேர் கடை 8.8, ஸ்பேனர் நுழையாத காதுகளுக்கு மட்டும் முத்திரை இருக்கிற லோக்கல் டி-தலை. தொழி அடிக்க (சேத்து உழவுக்கு) கூண்டு மாதிரி இருக்கிற இரும்பு கேஜ் வீல் மாட்டுற வண்டின்னா ரிம் பக்கமும் கொஞ்சம் கூட செலவு பண்ணுவேன், சேத்துக்குள்ள அந்த போல்ட்டுங்க படற பாடு தனி. டிஸ்க் ஓட்டை முட்டை மாதிரி நீண்டு போயிருந்தா எந்த போல்ட்டும் காப்பாத்தாது, டிஸ்க்கை மாத்திட்டுத்தான் மறுவேலை.

மாட்டும்போது இன்னொண்ணு, பெயிண்ட். புதுசா அடிச்ச வண்டியில போல்ட்டு லூசாகறதுக்கு இதுதான் நிறைய நேரம் காரணம். டிஸ்க்கும் ஹப்பும் ஒட்டற முகத்துலயும் நட்டு உட்காருற இடத்துலயும் பெயிண்ட் கனமா இருந்தா, ஓட ஓட அது நசுங்கி, இறுக்கம் அப்படியே போயிடும். பவுடர் கோட்டிங்னா இன்னும் மோசம். அந்த இடங்களை டேப் போட்டு மறைச்சுட்டு பெயிண்ட் அடிங்க, மெல்லிசா பிரைமர் மட்டும் இருந்தா போதும். மேனுவல்ல இருக்கிற டார்க் (முடுக்கு விசை) அளவுக்கு எதிர் எதிரா முடுக்குங்க, மரைக்கு எண்ணெய் விடச் சொல்லியிருக்கா இல்லையான்னு பார்த்துக்கோங்க, ஏன்னா மரைக்கு எண்ணெய் விட்டா போல்ட் அதே டார்க்ல ரொம்ப அதிகமா நீளும். லோடு இல்லாம கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து ஒரு தடவை, முதல் நாள் உழவு முடிஞ்சதும் மறுபடி ஒரு தடவை, ஒவ்வொரு நட்டுலயும் ரென்ச் வச்சுப் பாருங்க.