தலைமன்னார் வெளிச்சவீட்டுச் சுற்றுலா: முற்பணம் கட்டுவோர் கவனத்திற்கு

தலைமன்னார் வெளிச்சவீட்டுக்கு ஒருநாள் சுற்றுலா என்று முகநூலில் விளம்பரம் செய்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆள் சேர்ப்பவர்களிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். இந்த ஆடி மாதத்தில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த சில குடும்பங்கள் அப்படியொருவரிடம் ஆளுக்கு 6,500 ரூபா கட்டிப் போய், வான் வண்டியில் ஏறி இறங்கியதைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல் திரும்பின. வெளிச்சவீட்டின் உச்சிவரை ஏறுவதற்கு விசேட அனுமதி, இராமர் அணையின் மணல் தீடைகளுக்குப் படகுப் பயணம், இடத்தின் வரலாற்றை விளக்குவதற்கு அனுபவமுள்ள வழிகாட்டி ஆகியவை அவருடைய விளம்பரத்தில் இருந்தன.

நாங்கள் பொழுதுபோக்குக்காகப் புறப்பட்டவர்கள் அல்லர். பக்கத்து வீட்டு ஆச்சியின் குடும்பம் 1977 கலவரத்திற்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கு வந்து குடியேறியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஆச்சியின் மூத்த சகோதரியும் ஒருவர். தோட்டத்திலிருந்து ரயிலில் தலைமன்னாருக்கு வந்து, அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறிப் போனவரை ஆச்சி பிறகு காணவேயில்லை. அந்தத் துறையையும் அதன் அருகே நிற்கும் வெளிச்சவீட்டையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற அவருடைய ஆசைக்காகத்தான் பயணத்தையே ஏற்பாடு செய்தோம். பணம் வாங்கியவருக்கு இது முன்கூட்டியே தெரியும், ஆச்சியின் முழங்கால் வருத்தத்தைச் சொல்லி, ஏறுவதற்குப் படிகள் எப்படி என்றுகூடக் கேட்டிருந்தோம். "ஆறுதலா ஏறலாம், நான் ஆள் வச்சு ஏத்திவிடுறன்" என்று அவர் பதில் சொன்னார்.

போய் இறங்கியபோது உள்ளே செல்ல வழி இருக்கவில்லை. அவர் எங்கள் ஒவ்வொருவரிடமும் கொடுத்திருந்த, முத்திரை குத்திய அனுமதிச் சீட்டைக் காவலில் நின்றவரிடம் காட்டினோம். அப்படியொரு சீட்டைத் தாம் ஒருபோதும் கண்டதில்லை என்றும், மேலே ஏறுவதற்கு அங்கே எவருக்கும் சீட்டு விற்பதில்லை என்றும் அவர் மரியாதையாகவே சொன்னார். அனுமதிக்கென்று ஆளுக்கு 1,500 ரூபா தனியாக வாங்கப்பட்டிருந்தது. யாரும் வழங்காத ஒன்றுக்குச் சீட்டு அச்சடித்து விற்பதைக் கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வழிகாட்டியாக வந்த இளைஞர், வெளிச்சவீட்டை ஒல்லாந்தர் 350 வருடங்களுக்கு முன்னர் கட்டினார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். ஒல்லாந்தர் 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது மன்னார்க் கோட்டையை. இந்த வெளிச்சவீடு 19 மீற்றர் உயரமானது, ஆங்கிலேயர் காலத்தில் 1915 இல் கட்டப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பல் சேவை தொடங்கி, இரண்டு கரையிலும் ரயில் வந்து சேரத் தொடங்கியிருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல்கள் இராமேஸ்வரத்திலிருந்து வந்தன, எண்பதுகளில் யுத்தத்தோடு அதுவும் நின்றது. இவற்றில் ஒன்றையேனும் அவர் அறிந்திருக்கவில்லை. கப்பலில் யாத்திரிகர்கள் மட்டுமே போனார்கள் என்று அவர் சொன்னபோது ஆச்சி குறுக்கிட்டு, "இல்லீங்க தம்பி, எங்க அக்காவ இந்தத் துறையிலதான் ஏத்திவிட்டோம்" என்றார். அதற்கு அந்த இளைஞர் பதில் சொல்லாமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றது என்னை மிகவும் வருத்தியது.

பணம் போனதையாவது பொறுத்துக்கொள்ளலாம், படகு விடயத்தில் நடந்ததைப் பொறுக்க முடியாது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று கடலைக் கிளப்பிக்கொண்டிருந்த அந்த நண்பகலில், ஒழுங்கான உயிர்காப்பு அங்கி ஒன்றுகூட இல்லாத ஒரு மீன்பிடிப் படகில் கைக்குழந்தை உட்பட எங்கள் எல்லோரையும் ஏறச் சொன்னார்கள். எங்களைக் காப்பாற்றியவர் அந்தப் படகுக்காரர்தான். "அம்மா, இந்தக் காத்துக்குள்ள பிள்ளையளோட போகேலாது, எனக்குக் காசும் வேண்டாம், ஒருத்தரும் ஏறாதேங்கோ" என்று சொல்லி, இயந்திரத்தை இயக்க மறுத்துவிட்டார். சோளகக் காலத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றக்கூடாது என்று முதல்நாளே ஏற்பாட்டாளரிடம் தொலைபேசியில் சொல்லியிருந்ததாகவும் அவர் எங்களிடம் தெரிவித்தார். ஆகவே, படகு போகாது என்பதை அறிந்துகொண்டேதான் எங்களை அங்கே கூட்டிச் சென்றிருக்கிறார்கள்.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டபோது, காற்றுக்குத் தாம் பொறுப்பில்லை என்று ஏற்பாட்டாளர் சொன்னார். மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட, 103.5 மெகாவாற் திறனுள்ள மின் நிலையத்தை அரசாங்கம் 2020 இல் திறந்ததே அங்கே வீசும் காற்றின் பலத்தை நம்பித்தான். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் வீசும் என்பது கரையில் வலை தைக்கும் பிள்ளைக்கும் தெரியும். அதை அறியாதவர் அங்கே படகுப் பயணம் விற்கக்கூடாது, அறிந்தும் விற்றவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

எங்களைப் போன்றே செல்ல விரும்புபவர்களுக்குச் சில விபரங்களைச் சொல்லிவிடுகிறேன். மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்குப் பஸ் ஓடுகிறது. யுத்தத்தில் அழிந்த ரயில்பாதை 2015 இல் மீண்டும் திறக்கப்பட்டதால், வவுனியாப் பக்கத்தவர்கள் மதவாச்சியில் மாறி ஏறி இறங்குதுறை நிலையம் வரை போகலாம். வெளிச்சவீட்டையும் பழைய துறையின் எச்சங்களையும் வெளியே நின்று பார்ப்பதற்கு யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. வழிகாட்டி தேவையென்றால், சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதி அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு பணத்தைப் பேசுங்கள். சுற்றுலா தொடர்பான முறைப்பாடுகளை 1912 என்ற இலக்கத்திலும், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் 1977 என்ற இலக்கத்திலும் தெரிவிக்கலாம்.

நாங்கள் வங்கிப் பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்திகள், அந்த அனுமதிச் சீட்டுகள் ஆகியவற்றின் பிரதிகளுடன் மத்தியஸ்த சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். இதே முத்திரையுள்ள சீட்டுக்குப் பணம் கட்டியவர்கள் வேறு எவரேனும் இருந்தால், அதைக் கிழித்தெறியாமல் திகதியோடு வைத்திருந்து எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். உங்களுடைய முறைப்பாட்டையும் எங்களுடையதோடு சேர்த்து முன்வைக்கத் தயாராக இருக்கிறோம்.