அடுத்தவர் ஐடியில் உங்கள் கார்டைத் தேய்க்காதீர்கள்

நாலு மாதச் சம்பளம் போய்விட்டது. நேற்று ராத்திரிதான் கம்பெனியின் கடைசி பதில் வந்தது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போடப் போவதில்லை. ஷாம்பு, புரோட்டீன் பவுடர் எல்லாம் ஆள் மூலமாக விற்கிற ஒரு நேரடி விற்பனைக் கம்பெனி, அவ்வளவு போதும். டீம் கட்டப் போகிறவர்களுக்குப் பத்து ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எத்தனை தேறுகிறது பார்ப்போம்.

என்னைச் சேர்த்துவிட்டவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஏமாற்றுக்காரர் மாதிரி பேசவே இல்லை. முதல் மீட்டிங்கிலேயே, "ஆள் சேர்த்தா காசுன்னு எவனாவது சொன்னா எழுந்து போயிடு தம்பி, அது பிரமிடு. பொருள் வித்தாதான் காசு" என்றார். 70 சதவீத விதி என்று ஒன்றையும் சொன்னார். தேடிப் படித்தேன், நிஜமாகவே இருந்தது. 1979-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு பெரிய நிறுவனத்தை இது பிரமிடு மோசடி இல்லை என்று விட்டதற்கு அந்த விதியும் ஒரு காரணம். வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தையாவது விற்றால்தான் போனஸ் என்பது அது. கூடவே இன்னும் இரண்டு: மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும், விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு விவரமாகப் பேசுகிறவரை நம்பாமல் யாரை நம்புவது?

ஆறு மாதத்தில் எனக்குக் கீழே பதினொரு பேர். இதை மட்டும் பெருமையாகவே சொல்வேன், உழைத்தேன். அதில் ஒரு பெண்ணுக்கு வாசலில் நின்று பேசவே கூச்சம். மூன்று சனிக்கிழமை கூடவே போனேன். முதல் இரண்டு வாரம் நான் பேச, அவர் பை தூக்கினார். மூன்றாவது வாரம் நான் வேண்டுமென்றே தெருமுனையிலேயே நின்றுகொண்டேன். ஒரு ஷாம்பு பாட்டில் விற்றுவிட்டு அவர் ஓடி வந்த ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. டீமைத் தாங்குவது என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான்.

அக்காவுக்குத் தெரிந்தது வேறு. மாதக் கடைசி நாள், ராத்திரி பத்தே முக்காலுக்குப் போன். "உன் டீம்ல மூணு பேர் ஆக்டிவ் இல்ல தம்பி. பன்னிரண்டு மணிக்குள்ள அவங்க ஐடில ஆர்டர் விழலைன்னா உன் லெவல் இறங்கிடும், அவங்களுக்கும் மனசு விட்டுப் போயிடும். இப்ப நீ போட்டுடு. சரக்கு வந்ததும் வித்துக் கொடுத்துடுவாங்க. வராட்டி நான் இருக்கேன்." கடைசி மூன்று சொல்லில்தான் விழுந்தேன். அந்த மூவருக்கும் கம்பெனியில் ஐடி, அதாவது ஆர்டர் போடும் கணக்கு, திறந்து கொடுத்தது நான்தான் என்பதால் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டேன், சரி என்றார்கள். கார்டு என்னுடையது. பணம் கட்டும் முன்னால் ஒரு சின்னக் கட்டம் வந்தது: 'முந்தைய ஆர்டரில் 70 சதவீதம் விற்றுவிட்டேன்.' அது சும்மா ஃபார்மாலிட்டி, டிக் பண்ணு என்றார். டிக் பண்ணினேன்.

இப்படி நாலு மாதக் கடைசி. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். நடுவில் போனஸ் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மேலே இருப்பவர்கள் பங்கு எடுத்தது போக, என் காசில் ஒரு துண்டு எனக்கே வந்தது. அதைப் பார்த்து இளித்தேன் வேறு.

மூவரும் ஒதுங்கிவிட்டார்கள். பதினேழு பெட்டி என் கட்டிலுக்கு அடியில். அக்காவைக் கேட்டால் முதலில் "பாசிட்டிவா யோசி" என்றார். அப்புறம் டிரெயினிங்கில் இருப்பதாகச் சொன்னார். அப்புறம் குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார். கம்பெனிக்கு எழுதினால், 'உங்கள் அப்லைனைத் தொடர்புகொள்ளவும்.' அப்லைன் என்றால் நம்மைச் சேர்த்துவிட்டவர், அதாவது அதே அக்கா. மறுபடி எழுதினால், பில் உங்கள் பெயரில் இல்லை, ஐடி யாருடையதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். என் ஐடியில் இருந்த இரண்டு பெட்டியை மட்டும் 90 சதவீத விலைக்கு எடுத்துக்கொண்டார்கள், கொடுத்த போனஸைக் கழித்துக்கொண்டு. நேற்று வந்த பதில்தான் உச்சம்: 70 சதவீதம் விற்றுவிட்டதாக ஒவ்வொரு மாதமும் நீங்களே உறுதி அளித்திருக்கிறீர்கள், ஆகவே மீதி 30 சதவீதத்தை மட்டுமே பரிசீலிக்க முடியும், அதுவும் ஐடிக்காரர் கையெழுத்துடன்.

அந்த டிக்கைப் போட்டது நான். மறுக்க முடியாது. போடச் சொன்னவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. எல்லாம் போன் பேச்சு.

ஆலோசனை என்று எழுத இப்போது பொறுமை இல்லை. அடுத்தவர் ஐடியில் பணம் கட்டாதீர்கள். விற்காததை விற்றதாக டிக் போடாதீர்கள். திரும்ப எடுப்பதற்கு எத்தனை மாதக் கெடு, பெட்டியின் சீல் உடைந்தால் எடுப்பார்களா என்று முதல் ஆர்டருக்கு முன்னாலேயே எழுத்தில் கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வருகிற அப்லைன் போனை எடுக்காதீர்கள்.

என் டீமில் இருந்த அந்த மூன்று பேர் இதைப் படித்தால்: உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஐடி திறந்து கொடுத்ததே நான்தான். அந்த 30 சதவீதத்துக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். கடைசிப் பெட்டிகளுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் கெடு இருக்கிறது. தயவுசெய்து போனை எடுங்கள்.