"எல்லாக் கேள்விகளும் விடையுடன்" என்று விற்கும் டெக் ஆபிசர் தொகுப்பு: வாங்குமுன் இதைப் படியுங்கள்

கப்பலை ஓட்டும் டெக் ஆபிசர் ஆவதற்கான தேர்வுக்கும் கம்பெனி நேர்காணலுக்கும் சேர்த்து, "மரைன் இங்கிலீஷ், சீமேன்ஷிப், எல்லாக் கேள்விகளும் சரியான விடையுடன்" என்று ஒரு பிடிஎஃப் கட்டு விற்பனையில் சுற்றுகிறது. முழுப் பணமும் கைக்கு வந்த பிறகுதான் இணைப்பை அனுப்புகிறார்கள். மாதிரி என்று காட்டும் சில பக்கங்கள் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருக்கின்றன. மீதிப் பக்கங்களை எஸ்.எம்.சி.பி. (கப்பல்களில் பேச வேண்டிய நிலையான ஆங்கிலத் தொடர்கள்), கோல்ரெக் (கடலில் மோதலைத் தவிர்க்கும் விதிகள்), சோலாஸ் (கடலில் உயிர்ப்பாதுகாப்பு ஒப்பந்தம்) மூலங்களை அருகில் வைத்துக்கொண்டு சரிபார்த்ததில் கிடைத்தவை கீழே. அச்சுப்பிழை என்று தள்ளிவிடும் ரகம் ஒன்றுமில்லை. எல்லாமே மனப்பாடம் ஆகி, வாட்சில் (கப்பலோட்டும் முறைப்பணியில்) நிற்கும்போது வாயில் வரக்கூடிய பிழைகள்.

சுக்கான் உத்தரவுகளிலேயே ஆரம்பித்துவிடுகிறது. "ஸ்டெடி", "ஸ்டெடி அஸ் ஷி கோஸ்" இரண்டும் ஒன்று என்று விடை போட்டிருக்கிறார்கள். "ஸ்டெடி" என்றால் கப்பல் திரும்பிக்கொண்டிருக்கும் வேகத்தை முடிந்தவரை சீக்கிரம் அடக்க வேண்டும், அவ்வளவுதான். "ஸ்டெடி அஸ் ஷி கோஸ்" என்றால், உத்தரவு காதில் விழுந்த நேரத்தில் காம்பஸ் எந்த எண்ணைக் காட்டியதோ அந்த எண்ணிலேயே கப்பலைப் பிடிக்க வேண்டும். சுக்கானில் நிற்பவர் உத்தரவைத் திருப்பிச் சொல்லி, அந்த எண்ணையும் உடனே சொல்ல வேண்டும். கப்பல் அதில் நிலைத்ததும் "ஸ்டெடி ஆன்" என்று எண்ணோடு மறுபடி அறிவிக்க வேண்டும். சுழன்ற வேகத்தில் கப்பல் நாலைந்து டிகிரி தாண்டிப்போகும், எதிர்ச்சுக்கான் கொடுத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும். இரண்டும் ஒன்று என்று படித்தவர் தாண்டிப்போன இடத்திலேயே நிறுத்திவிட்டு நிம்மதியாக நிற்பார். குறுகிய கால்வாயில் அந்த நாலைந்து டிகிரி கரையில் கொண்டுபோய் ஏற்றும்.

"ஈஸ் டு ஃபைவ்" இன்னும் மோசம். சுக்கான் 20 டிகிரியில் இருக்கிறது, இந்த உத்தரவு வருகிறது, இப்போது எத்தனை டிகிரி என்று கேள்வி. தொகுப்பின் விடை 15. அதாவது ஐந்து டிகிரி குறைத்தார்களாம். சரியான விடை 5: சுக்கானை ஐந்துக்குக் குறைத்து அங்கேயே பிடிக்க வேண்டும். "நத்திங் டு போர்ட்" என்பதற்கு "இடப்பக்கம் சுக்கானே கொடுக்காதே" என்று போட்டிருக்கிறார்கள். கப்பலின் முகம் இடப்பக்கம் போகவிடாதே என்பதுதான் உத்தரவு. அதற்குச் சுக்கானை எப்படி ஆட்டுவது என்பது சுக்கான்காரர் பாடு.

எண்களைச் சொல்வதில் ஒரு நுணுக்கம் உண்டு, தொகுப்பு அதில் முழுசாக வழுக்கி விழுகிறது. எஸ்.எம்.சி.பி. விதிப்படி எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: 150 என்றால் "ஒன் ஃபைவ் ஜீரோ". ஆனால் சுக்கான் கோணத்துக்கு மட்டும் விலக்கு. அங்கே "போர்ட் ஃபிஃப்டீன்" என்றுதான் சொல்ல வேண்டும். பொது விதியை இழுத்து வந்து "போர்ட் ஒன் ஃபைவ்" சரி என்று குறித்திருக்கிறார்கள். கூடவே விற்கும் ஒலிக்கோப்பும் அப்படியே படிக்கிறது.

இனி வி.எச்.எஃப். (கப்பல் ரேடியோ) பகுதி. ஒரு கலங்கரை விளக்கத்தை வைத்துக் கப்பலின் இடத்தைச் சொல்லும்போது, திசைக்கோணம் அந்த விளக்கத்திலிருந்து கப்பலை நோக்கி, மெய்வடக்கை வைத்து 360 டிகிரி முறையில் இருக்க வேண்டும். பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் மேல்தளத்தில்) நின்று பார்க்கும் நமக்குக் கிடைப்பதோ கப்பலிலிருந்து விளக்கத்துக்கான கோணம். அதைத் தலைகீழாக்கித்தான் சொல்ல வேண்டும். தொகுப்பு பார்த்த கோணத்தை அப்படியே சொல்லச் சொல்கிறது. விளக்கத்திலிருந்து 137 டிகிரியில் 2.4 கடல்மைல் தள்ளி நிற்கும் கப்பல், "விளக்கத்திலிருந்து 317 டிகிரி" என்று அறிவித்தால், தேடி வருகிறவர்கள் விளக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போவார்கள். உண்மையான இடத்துக்கும் அந்த இடத்துக்கும் 4.8 கடல்மைல் தூரம். அபாய அழைப்பில் இந்தப் பிழை வந்தால் என்ன ஆகும் என்று விரித்துச் சொல்லத் தேவையில்லை.

"மே ஐ என்டர் த ஃபேர்வே" (கப்பல் வழித்தடத்துக்குள் நுழையலாமா) என்பதை மரியாதையான வாக்கியம் என்பதால் சரியான விடையாகக் குறித்திருக்கிறார்கள். எஸ்.எம்.சி.பி. தவிர்க்கச் சொல்லும் உதாரணமே இதுதான். "மே" என்பது அனுமதி கேட்பதா, வாய்ப்பைச் சொல்வதா என்று காதில் தெளிவாகாது. முதலில் "க்வெஸ்சன்" என்று அடையாளச் சொல்லைப் போட்டு, "டூ ஐ ஹேவ் பெர்மிஷன்" என்று கேட்க வேண்டும். இப்படி எட்டு அடையாளச் சொற்கள் உண்டு. அவற்றில் "இன்ஸ்ட்ரக்ஷன்", "அட்வைஸ்" இரண்டையும் ஒரே பொருளாக்கியிருப்பது பெரிய தப்பு. முன்னது அதிகாரம் உள்ளவர் தரும் உத்தரவு. பாதுகாப்புக்கு முரணாக இல்லாதவரை கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். பின்னதில் ஏற்பதும் விடுவதும் கேட்பவர் முடிவு. கரையிலிருந்து போக்குவரத்தைக் கவனிப்பவர் சொன்னது இரண்டில் எது என்று தெரியாத ஆபிசரை நம்பி கேப்டன் தூங்கப் போக முடியாது.

"சே அகெய்ன்" என்பதும் "ரிபீட்" என்பதும் ஒன்று என்று இன்னொரு இடம். கேட்கவில்லை, மறுபடி சொல் என்பதற்கு "சே அகெய்ன்". நாம் சொன்னதில் முக்கியமான பகுதியை நாமே அழுத்திச் சொல்வதற்குத்தான் "ரிபீட்": கப்பல் தண்ணீரில் அமிழ்ந்த ஆழம் 12.6, ரிபீட், ஒன் டூ டெசிமல் சிக்ஸ் மீட்டர்.

கேள்விக்கு வெறும் "யெஸ்" போதும் என்றும் போட்டிருக்கிறார்கள். "யெஸ்" சொல்லி, கேட்ட விஷயத்தை முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. 2007 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் மூடுபனியில் பாலத்தூணில் உரசிய காஸ்கோ பூசான் கப்பலை நினைத்துப் பாருங்கள். எலக்ட்ரானிக் வரைபடத்தில் இருந்த சிவப்பு முக்கோணங்கள் எதைக் குறிக்கின்றன என்பதில் பைலட்டும் (துறைமுகப் பகுதியில் கப்பலுக்கு வழிகாட்டுபவர்) கேப்டனும் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அவை மிதவைகளைக் காட்டியவை. பாலத்தின் நடு அதுதான் என்று பைலட் எடுத்துக்கொண்டார். முழு வாக்கியத்தில் விடை சொல்லும் பழக்கத்தின் அருமை இங்கேதான் தெரியும்.

நங்கூரப் பகுதியைப் படித்தபோதுதான் இந்தக் கட்டை எழுதியவர் அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) ஒரு தடவைகூட நின்றதில்லை என்பது உறுதியானது. "பிராட் அப்" என்றால் நங்கூரம் மேலே தூக்கப்பட்டது என்கிறார். நங்கூரம் பிடித்து, சங்கிலியில் இழுவிசை வந்து, கப்பல் மேற்கொண்டு நகராமல் நிற்பதுதான் அது. இந்த ஒரு வார்த்தை தப்பானால், நங்கூரம் பிடித்துவிட்டது என்று முன்தளத்திலிருந்து வரும் செய்தி, பிரிட்ஜில் நங்கூரம் எழுந்துவிட்டது என்று கேட்கும். "ட்ரெட்ஜிங்", "ட்ராகிங்" இரண்டுக்கும் ஒரே விளக்கம் வேறு. வேண்டுமென்றே கொஞ்சம் சங்கிலி விட்டு, நங்கூரம் தரையில் உரச, கட்டுப்பாட்டோடு கப்பலை நகர்த்துவது முதலாவது. நங்கூரம் பிடிக்காமல் கப்பல் தன் பாட்டுக்கு இழுபட்டுப் போவது இரண்டாவது. ஒன்று கைத்திறன், மற்றது அபாயம்.

"ஷாக்கிள்" கணக்கிலும் குழப்பம். ஒரு ஷாக்கிள் சங்கிலி ஏறத்தாழ 27.5 மீட்டர். "த்ரீ ஷாக்கிள்ஸ் ஆன் டெக்", "இன் த பைப்", "இன் த வாட்டர்" மூன்றும் ஒன்று என்று விடை. மூன்றாவது ஷாக்கிளின் இணைப்பு எங்கே நிற்கிறது, தளத்திலா, சங்கிலி இறங்கும் குழாயிலா, தண்ணீரிலா என்பதைத்தான் கடைசிச் சொல் சொல்கிறது. தளத்துக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள நீளம் உயரமான வெறுங்கப்பலில் சாதாரணமில்லை. "கேபிள்" என்ற சொல்லுக்குச் சங்கிலி என்று ஒரு பொருள். கடல்மைலில் பத்தில் ஒரு பங்கு, 185.2 மீட்டர், என்று இன்னொரு பொருள். தொகுப்புக்கு இரண்டாவது பொருள் தெரியவே தெரியாது.

கோல்ரெக்கில் மூன்று மட்டும் சொல்கிறோம். மூடுபனியில் ராடாரில் மட்டும் தெரியும் கப்பல் வலப்பக்க முன்னே வருகிறது, வழிவிட வேண்டியது யார் என்ற கேள்விக்கு "நாம்" என்று விடை, 15-ஆம் விதியைக் காட்டி. அந்த விதி ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும் கப்பல்களுக்கு. இங்கே பொருந்துவது 19-ஆம் விதி. அதில் வழிவிடும் கப்பல், நிலைத்துப்போகும் (போக்கையும் வேகத்தையும் மாற்றாத) கப்பல் என்ற பிரிவே கிடையாது. இரண்டாவது, மூன்று குறுகிய ஊதலுக்கு "பின்னால் போகிறேன்" என்ற விடை. எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டுகிறேன் என்பதே பொருள்; பெரிய கப்பல் அதற்குப் பிறகும் நெடுநேரம் முன்னால்தான் வந்துகொண்டிருக்கும். மூன்றாவது, நிலைத்துப்போகும் கப்பல் மோதல் தவிர்க்க முடியாது என்ற நிலைவரை எதுவும் செய்யக்கூடாது என்பது. எதிர்க்கப்பல் விதிப்படி நடக்கவில்லை என்று தெரிந்ததுமே நடவடிக்கை எடுக்க 17-ஆம் விதி இடம் தருகிறது. எதிர்க்கப்பலின் நடவடிக்கை மட்டும் போதாது என்ற நெருக்கம் வந்தால் எடுத்தே ஆக வேண்டும் என்கிறது.

இவ்வளவு பிழை எப்படி வந்தது? பிழைகளின் அமைப்பைப் பார்த்தால் ஊகிக்க முடிகிறது. கம்ப்யூட்டர் தேர்வுத் திரைகளைப் படம் பிடித்துத் தொகுத்த கேள்விகள் இவை. தேர்வு மென்பொருள் விடை வரிசையைக் கலைத்துப் போடும்; இவர்களோ பழைய விடை எழுத்தை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அதனால் சில பக்கங்களில் தொடர்ச்சியாகப் பத்துக் கேள்விக்கும் அபத்தமான விடை. வேறு சில கேள்விகள் ஆங்கிலத்திலிருந்து வேறு மொழிக்குப் போய், மறுபடி ஆங்கிலத்துக்கு வந்தவை. "ட்ரெட்ஜிங்", "ட்ராகிங்" வேறுபாடு அந்தப் பயணத்தில்தான் தொலைந்திருக்கும். மூன்றாவது காரணம், தொகுப்பு பழசு. கோல்ரெக்கில் 38 விதிகள் என்கிறது. 2016 ஜனவரி 1 முதல் எஃப் பகுதி சேர்ந்து 41. பைலட் ஏற இயந்திரத் தூக்கியைப் பயன்படுத்தலாம் என்கிறது. 2012 ஜூலை முதல் சோலாஸ் அதைத் தடுத்திருக்கிறது. 121.5 மெகாஹெர்ட்ஸ் அபாய ரேடியோ சைகையைச் செயற்கைக்கோள் பிடிக்கும் என்கிறது. அந்தச் சேவை 2009 பிப்ரவரி 1-இல் நின்றுவிட்டது. இன்றைய எபிர்ப் (கப்பலின் அபாயத்தை அறிவிக்கும் ரேடியோ) கருவி செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது; அதன் 121.5 சைகை, பக்கத்தில் வந்துவிட்டவர் தேடிப் பிடிக்க மட்டும்.

ஆகவே இதுபோன்ற எந்தத் தொகுப்பையும் வாங்குமுன், அவர்கள் காட்டும் மாதிரியை ஒதுக்கிவிட்டு நீங்கள் கேட்கும் கேள்விகளின் பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள். "ஈஸ் டு ஃபைவ்", "பிராட் அப்", "ட்ரெட்ஜிங்", கலங்கரை விளக்கத்திலிருந்து திசைக்கோணம், கோல்ரெக் விதிகளின் எண்ணிக்கை: இந்த ஐந்தும் போதும். தர மறுத்தால் அதுவே விடை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பணம் கட்டிய ரசீதையும் முன்பே எடுத்து வையுங்கள். பிழையைச் சுட்டிக்காட்டுகிறவர்களை விற்பவர்கள் தங்கள் குழுவிலிருந்து நீக்கிவிடுகிறார்கள், பிறகு உரையாடலே கண்ணில் படாது.

"ஐ.எம்.ஓ. அங்கீகரித்த மரைன் இங்கிலீஷ் சான்றிதழ்" என்று கூடுதலாக ஒரு தாள் தருவதாகச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஐ.எம்.ஓ. என்ற சர்வதேசக் கடல்சார் அமைப்பு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிடுகிறது, மரைன் இங்கிலீஷுக்கு 3.17 என்ற எண்ணில் ஒன்று இருக்கிறது. பயிற்சிக்கு ஒப்புதல் தருவதும் சான்றிதழ் வழங்குவதும் அந்தந்த நாட்டு நிர்வாகத்தின் வேலை. எஸ்.டி.சி.டபிள்யூ. (கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான சர்வதேச ஒப்பந்தம்) சான்றிதழ்களின் நிலையை மின்னணு வழியில் சரிபார்க்க நிர்வாகங்கள் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அப்படிச் சரிபார்க்க முடியாத தாளை நேர்காணல் மேசையில் வைத்தால் உங்கள் மற்ற சான்றிதழ்களின் மீதும் சந்தேகம் விழும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கட்டைத் தூக்கி எறிய வேண்டாம். விடைப் பத்தியை மட்டும் மறைத்துவிடுங்கள். எஸ்.எம்.சி.பி. 2001-இல் ஏ.918(22) என்ற தீர்மானமாக வந்தது, பொதுவில் கிடைக்கிறது. அதையும் கோல்ரெக்கின் புதிய பதிப்பையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் விடையை நீங்களே எழுதி, பக்கத்தில் விதி எண்ணையோ எஸ்.எம்.சி.பி. பகுதியையோ குறியுங்கள். அப்படிக் குறிக்க இடமே கிடைக்காத கேள்விகளை அடித்துவிடலாம்.