உடம்பு விழுந்த நேரத்தில் ராஜினாமாத் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்

சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்ட வீட்டைத் தேடிக்கொண்டு யாராவது ஒருவர் ஃபைலோடு வந்துவிடுகிறார். "நீங்கள் அலைய வேண்டாம், எல்லாவற்றையும் நானே முடித்துத் தருகிறேன்" என்கிறார். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்தார். அவரிடம் போனது 43,500 ரூபாய். பணம் மட்டும் போயிருந்தால் தலைவிதி என்று விட்டிருப்பேன், இதை எழுதியிருக்க மாட்டேன். எட்டு ஆண்டு உழைப்பில் சேர்ந்த உரிமைகளே போயின. அவை போனது எனக்குத் தெரியவே ஏழு மாதம் ஆனது.

என் கணவர் மணலிப் பக்கம் ஓர் ஆலையில் ஒப்பந்தக்காரரிடம் வெல்டராக இருந்தார். வயது 44. மாதச் சம்பளம் 15,600 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000. மாதம் தவறாமல் பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு இரண்டுக்கும் பிடித்தார்கள். எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று எட்டு ஆண்டில் ஒருநாள்கூட நாங்கள் கேட்டதில்லை.

2023 ஜூன் 14ஆம் தேதி காலை, ஷிஃப்டுக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவரின் வலது கை அப்படியே தொங்கிவிட்டது. வாய் கோணியது. ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அவர்களுக்கு என்றும் நன்றி. வலப்பக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார். ஜூன் மாதத்தில் வேலை செய்த 13 நாள் சம்பளத்தை ரொக்கமாக என் கையில் வைத்தார். எப்போதும் வங்கிக் கணக்கில்தான் சம்பளம் வரும். கஷ்டம் தெரிந்து நேரில் கொண்டுவந்து கொடுக்கிறாரே என்று அன்று கண் கலங்கினேன். கூட வந்தவரை, "பி.எஃப். வேலையெல்லாம் பார்த்துக் கொடுப்பவர்" என்று அறிமுகப்படுத்தினார். ஒரு ஜெராக்ஸ் கடையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் அவர். பெயரையும் கடையையும் இங்கே எழுதவில்லை. அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

"அக்கா, அண்ணன் இனிமேல் வெல்டிங் பிடிக்க முடியாது. வேலையில் பெயர் இருக்கிறவரைக்கும் பி.எஃப். பணத்தை எடுக்க விடமாட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் மொத்தமாக வாங்கிவிடலாம்" என்றார் அந்தப் புரோக்கர். இ.எஸ்.ஐ.யில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். "அது ஆலைக்குள் அடிபட்டால்தான். வீட்டில் வந்த பக்கவாதத்துக்குக் கிடையாது" என்றார், கண்ணைச் சிமிட்டாமல்.

பச்சைப் பொய். நான் நம்பினேன்.

ஒரு தட்டச்சுத் தாளை எடுத்தார். தேதி போடும் இடம் காலியாக இருந்தது. என் கணவருக்கு நினைவு தெளிவாக இருந்தது, பேச்சுதான் குழறியது. அவர் ஏதோ கேட்க வருவதற்குள் இடது கைப் பெருவிரலைப் பிடித்து மைப் பெட்டியில் அழுத்தித் தாளில் உருட்டி எடுத்துவிட்டார். தேங்காய் எண்ணெய் தொட்டு நான் துடைத்தேன். இரவு கஞ்சி ஊட்டும்போதும் நகக்கண்ணில் நீலம் அப்படியே இருந்தது.

ஆகஸ்டில் என் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்களைக் கேட்டார், சொன்னேன். மாதக் கடைசியில் கணக்கில் 1,64,000 ரூபாய் ஏறியது. 40,000 ரூபாயை அவருக்கு எண்ணிக் கொடுத்தேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்துத் தருவதாக அதற்கு முன்பே 3,500 ரூபாய் வாங்கியிருந்தார். அந்த அட்டைக்கு ஒரு பைசாகூடக் கட்டணம் கிடையாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பதற்கு வருமானச் சான்றிதழும் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் பதிந்து கொடுக்கிறார்கள். கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். அவ்வளவு பக்கத்தில் இருந்ததற்கு 3,500 ரூபாய் கொடுத்தேன் என்பது இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

2024 ஜனவரியில், பிசியோதெரபி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "உங்கள் வீட்டுக்காரருக்கு இ.எஸ்.ஐ. பணம் வருகிறதா?" என்று கேட்டார். அவருடைய மகனுக்கு வருகிறதாம். எனக்குத் தலை சுற்றியது. அவர்தான் பெரம்பூரில் இருக்கும் ஒரு பெரியவரிடம் என்னை அனுப்பினார். பி அண்ட் சி துணி மில்லில் வேலை பார்த்து, 1996இல் மில் மூடப்பட்டபோது வெளியே வந்தவர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் தொடங்கியது. அந்தப் பழக்கமோ என்னவோ, பேட்டையில் யாருக்குச் சம்பளப் பிரச்சினை என்றாலும் இன்றும் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போகிறார்கள்.

புரோக்கர் திருப்பிக் கொடுத்த ஃபைலை அவரிடம் நீட்டினேன். ராஜினாமாத் தாளின் ஜெராக்ஸ் அதில் கிடந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"உங்கள் வீட்டுக்காரர் கைநாட்டுக்காரரா, அம்மா?"

"இல்லை ஐயா. பத்தாவது வரை படித்தவர். முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுவார்."

"வாதம் வந்தது என்றைக்கு?"

"ஜூன் 14."

"இதில் மே 31 என்று போட்டிருக்கிறதே. கை நன்றாக இருந்த நாளில் எதற்குக் கைநாட்டு வைத்தார்?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வாதம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே அவர் தானாக வேலையை விட்டதாகக் காட்டிவிட்டார்கள். 13 நாள் சம்பளம் ரொக்கமாக வந்ததும் அதற்காகத்தான். ஜூனில் அவர் வேலை பார்த்ததற்கு வங்கியில் தடயம் இருக்கக் கூடாது.

அந்தத் தேதியால் போனவை என்னென்ன என்று அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

இ.எஸ்.ஐ.யில் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும், எந்த நோயானாலும் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகை உண்டு. ஆலைக்குள் அடிபட்டிருக்க வேண்டும் என்பதே இல்லை, விபத்துக்கான உதவித்தொகை தனி. காச நோய், புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, ஒரு பக்கம் விழுந்த வாதம் என 34 நீண்டகால நோய்களுக்கு அதற்குப் பிறகும் 80 சதவீதம் வரும், இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கவும் வழி இருக்கிறது. இதற்கு இரண்டு ஆண்டு தொடர்ச்சியான வேலையும், நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும். எட்டு ஆண்டு கட்டியவருக்கு அது தாராளமாக இருந்தது. ஒரு நாள் சம்பளம் 520 என்றால் 80 சதவீதம் 416 ரூபாய். வீட்டு வாடகையும் மகளின் பள்ளிச் செலவும் அதில் நடந்திருக்கும்.

ஆனால் இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழ் இல்லாமல் இந்தப் பணம் வராது. வேறு மருத்துவமனையில் சேர்த்திருந்தாலும் டிஸ்சார்ஜ் தாளோடு உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு உடனே போய்ச் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் கிளை அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் ஏழு மாதம் போகவே இல்லை. உதவித்தொகை பெறுகிற காலத்தில் ஆளை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. நீக்க முடியாது என்பதால்தான் எழுதி வாங்க வந்திருக்கிறார்கள்.

அடுத்தது ஓய்வூதியம். பி.எஃப்.போடு சேர்ந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், பணியில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக இயலாமல் போனவருக்கு வயதைப் பார்க்காமல் மாத ஓய்வூதியம் உண்டு. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். மருத்துவக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் திட்டத்தின் கணக்குப்படி 13,000 ரூபாயை எட்டு ஆண்டால் பெருக்கி எழுபதால் வகுத்தால் 1,485 ரூபாய் வருகிறது. சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆயுள் முழுக்க வரும், அவருக்குப் பின் குடும்பத்துக்கும் வரும். புரோக்கர் பி.எஃப். பணத்துக்கான 19ஆம் படிவத்தோடு 10சி படிவத்தையும் போட்டு அந்த ஓய்வூதியக் கணக்கையே துடைத்து எடுத்துவிட்டார். 1,64,000 ரூபாயில் அதுவும் அடக்கம். மொத்தத் தொகை ஏற ஏறத்தானே அவருடைய பங்கும் ஏறும்? அவசரத்துக்குப் பணம் வேண்டியிருந்தால், வேலையை விடாமலே மருத்துவச் செலவுக்கென்று 31ஆம் படிவத்தில் பி.எஃப். முன்பணம் எடுத்திருக்கலாம். அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

ஆகவே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். படுக்கையில் இருப்பவரிடம் யாரும் எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க விடாதீர்கள். தேதி இல்லாத தாளைத் தொடவே விடாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை, எந்தப் படிவம் போகிறது என்று படித்துப் பார்க்காமல் சொல்லாதீர்கள். 10சி என்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சம்பளச் சீட்டு, நுழைவு அட்டை, டிஸ்சார்ஜ் தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னாலாவது வைத்துக் காப்பாற்றுங்கள். இன்று எங்கள் வழக்கைத் தாங்கிப் பிடிப்பது அந்த நுழைவு அட்டைதான். ஜூன் 13 வரை முத்திரை விழுந்திருக்கிறது.

கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையையும் அவர்கள் வாய் திறந்து சொல்லவில்லை. ஐந்து ஆண்டு முடித்தவருக்கு ராஜினாமா செய்தாலும் அது உண்டு. உடல் இயலாமல் போனவருக்கு அந்த ஐந்து ஆண்டுக் கணக்கும் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று வைத்துக் கணக்கிட்டால் எங்களுக்கு 60,000 ரூபாய். தொழிலாளர் துறையில் மனுப் போட்ட பிறகுதான் ஒப்பந்தக்காரர் கொடுத்தார். அது ஒன்று கைக்கு வந்தது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு நானே விண்ணப்பித்தேன், செலவே இல்லை. இப்போது மாதம் 1,500 ரூபாய் அரசு உதவித்தொகை வருகிறது.

மற்றவை நிலுவையில் இருக்கின்றன. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தேன். சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒரு வழக்கறிஞரைக் கொடுத்தது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கிடைக்கும். அந்த வழக்கறிஞர் அம்மா முதல் நாளே என் கணவரைப் பார்த்து, "மே மாதம் வரை சம்பளப் பதிவேட்டில் நீங்கள் போட்ட கையெழுத்துகளை வரவழைப்போம்" என்றார். அன்று இரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

தினமும் சாயங்காலம் மகளின் நான்கு கோடு போட்ட பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இடது கையால் எழுதிப் பழகுகிறார். பெயரின் முதல் எழுத்து இன்னும் சாய்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை வக்காலத்தில் ஒப்பம் வைக்க வேண்டும். மைப் பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.